சிரிப்பு எழுப்பிய வேலி: ‘அல்-அய்யாம்’ நூல் குறித்து ஒரு மறுநோக்கு

அரபு உரைநடை பயிலப் புகும் மாணவர்க்கு ஆசிரியர்கள் விரும்பிக் கையிற் கொடுக்கும் நூல்களுள் ஒன்று ‘அல்-அய்யாம்’. ‘நாட்கள்’ என்பது அப்பெயரின் பொருள். எகிப்து தந்த பேரறிஞர் டாக்டர் தாஹா ஹுஸைன் தம் இளமை வரலாற்றைத் தாமே எழுதிய நூல் அது. அதன் முதற்பாகம் 1926, 1927-ஆம் ஆண்டுகளில் ‘அல்-ஹிலால்’ இதழில் தொடராக வந்து, 1929-இல் நூலுருப் பெற்றது. சொற்கள் எளியவை, வாக்கியங்கள் வாய்விட்டு ஓத இனியவை, ஒரே கருத்தை இரண்டு மூன்று வாய்பாட்டில் திருப்பிச் சொல்லும் இயல்புடையவை. வினைச்சொற்களையும் பிரதிப்பெயர்களையும் கற்பிப்பதற்கு அதனினும் வாய்ப்பான நூல் அரிது.

இந்நூலை நாம் மாணவர்க்கு அறிமுகப்படுத்தும் முறை ஒன்று உண்டு. “பாருங்கள், மழலைப் பருவத்திலேயே பார்வையிழந்த கிராமத்துச் சிறுவன் ஒருவன் அல்-அஸ்ஹரில் ஓதினான்; 1914-இல் எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றான்; பாரிஸ் சென்று ஸோர்போனிலும் பட்டம் பெற்றான்; 1950-இல் தன் நாட்டின் கல்வி அமைச்சரே ஆனான். உங்களுக்குக் கண்ணிரண்டும் இருக்கின்றன, என்ன குறை?” என்போம். நானும் பல்லாண்டு இவ்வாறே சொல்லி வந்தேன். அது பொய்யன்று. ஆயினும் அது நூலின் மேலுறையே, நூலன்று. உள்ளே இருப்பது, உடன் வளர்ந்தோரின் சிரிப்பு ஒரு சிறுவனின் உள்ளத்தில் என்ன செய்தது, அவனுடைய நாளையை எவ்வளவு சுருக்கியது என்பதற்கான சாட்சியம். அதனைச் சாட்சியமாகப் படிக்காமல் ஊக்க மருந்தாகப் பயன்படுத்தியது நம் பிழை என்பதே ஈண்டு நான் சொல்ல விரும்புவது.

இடையில் ஒன்று கூறிவிட வேண்டும். ஜாஹிலிய்யாக் காலக் கவிதை பற்றி 1926-இல் அவர் வெளியிட்ட நூலின் முடிபுகளோடு நமக்கு உடன்பாடு இல்லை. நம் பெரியோர் பலர் அதனால் அவருடைய மற்ற நூல்களையும் தள்ளி வைத்தனர். அந்த வழக்கு வேறு. ஒரு சிறுவனின் கண்ணீரை வாசிப்பதற்கு அவன் வளர்ந்தபின் கொண்ட கருத்துகள் தடையாகா.

நூல் ஒரு வேலியில் தொடங்குகிறது. வீட்டுக்குச் சில அடி தொலைவில் நாணற் கோல்களால் ஆன வேலி. சிறுவனால் அதைத் தாண்ட இயலவில்லை. முயல்கள் தாண்டிச் செல்வதை எண்ணி அவன் பொறாமை கொள்கிறான். பார்வையற்ற குழந்தையின் உலகம் இன்ன இடத்தோடு முடிந்தது என்று காட்ட ஆசிரியர் எடுத்துக்கொண்ட அடையாளம் இது என்று உரையாசிரியர்கள் எழுதுவர். சரியே. ஆனால் நூலில் இரண்டாவது வேலி ஒன்று வருகிறது. முதல் வேலி நாணலால் ஆனது. இரண்டாவது வேலி சிரிப்பால் ஆனது. முதல் வேலியைக் காலம் அழித்துவிட்டது. இரண்டாவதைப் பிரித்தெடுக்க இருபது ஆண்டுக்கு அண்மையில் ஆயிற்று.

தந்தையின் மக்கள் பதின்மூவருள் அவன் ஏழாமவன். ஓர் இரவு குடும்பம் உணவுக்கு அமர்ந்திருக்கிறது. எல்லாரும் ஒரு கையால் உண்கிறார்கள். இரண்டு கையாலும் எடுத்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றுகிறது. அறியும் அவாவினாலன்றி வேறு எதனாலும் அன்று. இரு கையாலும் உணவை எடுத்துப் பொதுத் தட்டில் தோய்த்து வாயில் இடுகிறான். உடன்பிறந்தார் வெடித்துச் சிரிக்கின்றனர். தாய் அழுகையின் விளிம்பில் நிற்கிறாள். தந்தை மெல்லிய குரலில், வருத்தத்தோடு, இப்படி எடுக்கக் கூடாது மகனே என்று திருத்துகிறார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. எவரும் அவனை அடிக்கவில்லை, எவரும் வைய­வில்லை. அந்த இரவை எவ்வாறு கழித்தான் என்பது அவனுக்கே தெரியவில்லை.

அதன் பின் நிகழ்ந்ததையே நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். அன்று முதல் சூப்பும் சோறும், கரண்டியால் உண்ண வேண்டிய எவ்வகை உணவும் தனக்கு விலக்கு என்று அவன் தானே முடிவு செய்தான். இருபத்தைந்து வயது கடக்கும்வரை அவ்விலக்கு நீங்கவில்லை. உண்ணும்போது எவரும் காணாதிருக்க வேண்டும் என்பது வழக்கமாயிற்று. ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோதும் பொது உணவு மேசைக்குச் செல்ல மறுத்தார். தனியறைக்கே உணவு வந்தது. பிரான்சிலும் அவ்வாறே. பின்னாளில் தமக்கு வாழ்க்கைத் துணையாக அமையவிருந்த பெண்மணிதான் அவ்வழக்கத்திலிருந்து அவரை விடுவித்தார். உணவோடு நின்றதா? விளையாட்டும் விலக்கப்பட்டது. பிறர் சிரிப்புக்கோ இரக்கத்துக்கோ இடம் தராத விளையாட்டு எதுவோ அதுமட்டும் எஞ்சிற்று. சில இரும்புத் துண்டுகளைச் சேர்த்து, ஒரு மூலையில் அமர்ந்து, ஒன்றோடொன்று தட்டி ஒலி கேட்பான். மற்றச் சிறுவரின் ஆட்டத்தில் அவன் மனத்தால் கலந்துகொண்டான், கையால் அன்று.

இங்கே சிரிப்பையும் இரக்கத்தையும் ஆசிரியர் ஒரே தட்டில் வைத்திருப்பது நுணுகி நோக்கத்தக்கது. சிரித்தவர் உடன்பிறந்தார்; இரங்கியவள் தாய். சிறுவன் இரண்டிலிருந்தும் ஓடினான். ஏளனத்துக்கு மருந்து இரக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவனுக்கு இரண்டும், நீ எங்களைப் போன்றவன் அல்லன் என்று சொல்லும் இருவேறு குரல்களாகவே கேட்டன.

தம்மை விளங்கிக்கொள்ள அவர் அபுல் அலா அல்-மஅர்ரீயிடம் செல்கிறார். கி.பி. 973-இல் சிரியாவின் மஅர்ரத்துந் நுஃமானில் பிறந்து, சிறுவயதில் அம்மையால் கண்ணிழந்த பெருங்கவிஞர் அவர். ஒருநாள் பழப்பாகு உண்டபோது சிறிது மார்பில் சிந்திவிட்டது, அவர் அறியவில்லை. பாடம் கேட்க வந்த மாணவருள் ஒருவன், பாகு உண்டீர்களோ என்று கேட்டான். அன்றோடு வாழ்நாள் முழுவதும் பாகை விட்டார் என்பது செய்தி. அவர் தனித்து உண்டதும் இத்தகைய காரணத்தாலேயே. நூலாசிரியர் தம் டாக்டர் பட்டத்துக்கு அபுல் அலாவையே பொருளாக எடுத்துக்கொண்டமை தற்செயலன்று. ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் இடையிட்ட இருவரும் ஒரே காயத்தால் உறவினர் ஆயினர். உலகை வெறுத்த கவிஞர் என்று அபுல் அலாவைப் பற்றி நாம் வகுப்பில் ஒரு வரி சொல்கிறோம். அந்த வெறுப்பின் வேரில் மார்பில் சிந்திய பாகும் ஒரு மாணவனின் வினாவும் இருந்திருக்கலாம் என்று எண்ணியதுண்டா?

ஈண்டு ஒரு மறுப்பு எழும். “அந்தச் சிரிப்பால்தானே அவருக்கு உறுதியான மனவலிமை வாய்த்தது? நூலே அவ்வாறு சொல்கிறதே! பிள்ளைகள் கேலிக்கு ஆளாகித்தான் உரம் பெறுவர்” என்பர் பலர். மூத்த ஆசிரியர்களிடம் இக்கருத்து வேரூன்றியிருக்கிறது. மனவலிமை வந்தது உண்மை. அது எதற்குச் செலவாயிற்று என்பதே வினா. சூப்பை விடுவதற்கும், விளையாட்டை விடுவதற்கும், கேட்க விரும்பியதைக் கேளாதிருப்பதற்கும் அது செலவாயிற்று. மேலும், எழுத வல்லவரான ஒருவர் எழுதினார், நாம் படித்தோம். எழுதாமல் மூலையிலேயே இருந்துவிட்டவர்களுக்கு நூல் இல்லை. தப்பிப் பிழைத்த ஒருவரைக் காட்டி, நெருப்பு நல்லது என்று வாதிடுவது அறிவுடைமை ஆகாது.

இன்னொரு மறுப்பு நியாயமானது. நார்வே நாட்டில் பணியாற்றிய டான் ஓல்வேயுஸ் என்னும் உளவியலார் 1970-கள் தொட்டு மாணவரிடை நிகழும் துன்புறுத்தலை ஆராய்ந்து, அதற்கு மூன்று இலக்கணம் வகுத்தார்: தீங்கு செய்யும் நோக்கம் இருக்க வேண்டும், திரும்பத் திரும்ப நிகழ வேண்டும், துன்புறுத்துவோன் வலியவனாகவும் துன்புறுவோன் தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவனாகவும் இருக்க வேண்டும். இவ்விலக்கணத்தால் நோக்கினால், அந்த உணவு மேசைச் சிரிப்பு துன்புறுத்தலே அன்று. தீய நோக்கம் இல்லை. ஒரு முறையே நிகழ்ந்தது. உண்மைதான். ஆனால் உஸூலுல் ஃபிக்ஹு படித்தவர்க்கு ‘கியாஸுல் அவ்லா’ தெரியும். பெற்றோரை ‘சீ’ என்னும் சொல்லும் சொல்லலாகாது எனின், அடிக்கலாகாது என்று தனியே சொல்ல வேண்டுவதில்லை. தீங்கு நினையாத ஒரு சிரிப்பு ஒருவனுடைய இருபதாண்டு உணவைப் பறிக்குமாயின், தீங்கு நினைத்து, நாள்தோறும், கூட்டமாகச் சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு என்ன பறிக்காது?

அது முதலில் பறிப்பது நம்பிக்கையை. இமாம் கஸ்ஸாலீ தம் ‘இஹ்யா’வில் ‘ரஜா’ என்னும் நம்பிக்கையை வெறும் ஆசையிலிருந்து பிரித்துக் காட்டுவார். நிலத்தை உழுது, நல்வித்து இட்டு, நீர் பாய்ச்சி, விளைவை இறைவனிடம் எதிர்பார்ப்பவன் உள்ளத்திலிருப்பது ரஜா. உவர்நிலத்தில் இட்டுவிட்டு விளைவை எதிர்பார்ப்பது பேதைமை. இளைஞனின் நம்பிக்கைக்கும் நிலம் வேண்டும். கை நீட்டினால் தட்டமாட்டார்கள், வாய் திறந்தால் நகைக்கமாட்டார்கள் என்னும் எளிய உறுதியே அந்நிலம். ஏளனம் அந்நிலத்தில் உப்பை இடுகிறது. அதன்பின் அவன் எதைச் செய்யப் புகுந்தாலும், செயலின் பயனுக்கு முன்னே பிறரின் சிரிப்பு அவன் மனக்கண்ணில் வந்து நிற்கும். நாளைக்கு என்ன செய்யலாம் என்று எண்ண வேண்டிய வயதில், நாளைக்கு எதைச் செய்யாதிருந்தால் தப்பலாம் என்று எண்ணுகிறான்.

இரண்டாம் பாகம் இதனை வளரிளம் பருவத்தில் வைத்துக் காட்டுகிறது. 1902-இல், பதின்மூன்று வயதளவில், அவன் அண்ணனோடு கெய்ரோ வருகிறான். அல்-அஸ்ஹரில் சேர்வதற்கான தேர்வு. அஞ்சி அஞ்சிக் காத்திருந்தவனை, ‘குருடனே, வா’ என்னும் பொருள்பட ஒரு தேர்வாளர் அழைக்கிறார். வீட்டார் அவன் முன்னிலையில் அச்சொல்லைத் தவிர்த்தே வந்திருந்தனர். ஆகவே முதலில் தன்னைத்தான் அழைக்கிறார் என்று அவனால் நம்ப முடியவில்லை. தேர்வில் அவன் தேறினான். தேறியதைவிட அழைக்கப்பட்ட விதமே நெஞ்சில் நின்றது. மாணவர் விடுதியிலும் அவனுக்கு ஒரு மூலைதான். அண்ணனும் நண்பர்களும் கூடித் தேநீர் அருந்திச் சிரித்துப் பேசும் ஒலி கேட்கிறது. ஒரு குவளைத் தேநீருக்கு மனம் ஏங்குகிறது. கேட்க நா எழவில்லை. மாலை இருண்டதும் தனியே அமர்ந்து, சுவரின் பொந்துகளில் எழும் ஒலிகளுக்கு அஞ்சியிருப்பான்.

அந்த மூலையிலிருந்து அவனை எழுப்பியது எது? அறிவுரை அன்று, பரிசும் அன்று. ஊரிலிருந்து அவனுடைய தாயின் தங்கை மகன், ஒத்த வயதினன், ஓத வந்து சேர்ந்தான். உடன் நடக்க ஒருவன், உடன் பாடம் பேச ஒருவன், உடன் உண்ண ஒருவன். அன்றே தனிமை அகன்றது. நகரத்தின் வீதிகள் திறந்தன. காயம் செய்தவர் ஒத்த வயதினர். ஆற்றியவனும் ஒத்த வயதினனே. கேலிக்கு ஆளான பிள்ளைக்கு ஒரே ஒரு தோழன் இருந்தாலும் துன்பத்தின் கடுமை குறைகிறது என்று இன்றைய உளவியலார் எழுதுவதை, இந்நூல் எந்தக் கணக்கும் இன்றிக் காட்டிவிட்டது.

இவ்வளவும் நூலின் பெருமை. இனி அதன் குறையொன்றையும் சொல்வது திறனாய்வாளன் கடமை. கிராமத்துக் குத்தாபில், அதாவது நம் மக்தபில், ஓதிக்கொடுத்த ஆசிரியரை அவர் ‘ஸய்யிதுனா’ என்று அழைக்கிறார். அவரைப் பற்றிய பக்கங்கள் நகைச்சுவை மிக்கவை என்று புகழப்படுபவை. பருத்த உடல், இரு மாணவரின் தோளைப் பற்றிக்கொண்டு நடக்கும் நடை, கரகரத்த குரல், ஆனால் இனிய குரல் என்னும் எண்ணம், ஒரு கண்ணில் எஞ்சிய மிகச் சிறு ஒளியை வைத்துக்கொண்டு தம்மைப் பார்வையுள்ளவராக நினைத்துக்கொள்ளும் மயக்கம். மாணவர் இங்கே விழுந்து விழுந்து சிரிப்பர். மத்ரஸாவில் வளர்ந்த எனக்கு இப்பக்கங்கள் நெடுங்காலம் சினமூட்டின. ஓதிக்கொடுத்தவரை இகழ்கிறாரே என்று. இன்று சினம் இல்லை, துயரமே எஞ்சியிருக்கிறது. எண்ணிப் பாருங்கள்: ஏறக்குறையப் பார்வையற்ற ஒருவரின் நடையையும் உடலையும் காட்டி நம்மைச் சிரிக்க வைப்பவர், பார்வையின்மையால் சிரிப்புக்கு ஆளான ஒருவர்! ஏளனத்தின் கொடிய விளைவு இதுவே போலும். அடிபட்டவன் கையில் அது தன் கோலையே கொடுத்துவிடுகிறது. அந்த ஆசிரியரின் பேராசையையும் பொய்யையும் கண்டிக்க நூலாசிரியர்க்கு உரிமை உண்டு. கண்ணையும் நடையையும் அல்ல.

நம் மார்க்கம் இதனை நுணுக்கமாக அறிந்திருக்கிறது. ‘அல்-ஹுஜுராத்’ அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் மூன்றைத் தடுக்கிறது: ஏளனம் செய்தல், குத்திக்காட்டுதல், இழிபெயர் சூட்டி அழைத்தல். இரண்டாவதைச் சொல்லுமிடத்தில் பிறரைக் குத்திக்காட்டுவதை ‘உங்களையே’ குத்திக்காட்டுவதாக வைத்துப் பேசும் அழகை முஃபஸ்ஸிர்கள் எடுத்துக்காட்டுவர். சிரிப்பவனும் சிரிக்கப்படுபவனும் ஓருயிர் என்பது குறிப்பு. நடைமுறையோ? ‘அல்-ஜாஹிழ்’ என்றால் பிதுங்கிய விழியன். ‘அல்-அஃமஷ்’ என்றால் கண்ணில் நீர் வடிவோன். ‘அல்-அஃரஜ்’ என்றால் நொண்டி. நம் பேரறிஞர்களுக்கும் இவையே பெயராய் நின்றுவிட்டன. ஒருவரை அடையாளம் காட்ட வேறு வழி இல்லாதபோது மட்டுமே இவ்வாறு அழைக்கலாம், இழிவு கருதி அழைப்பது கூடாது என்று இமாம் நவவீ வரம்பு கட்ட வேண்டியிருந்தது. மறுபுறம், பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் முஅத்தின்களுள் ஒருவராக வைத்தார்கள். தாம் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பை அவரிடம் பலமுறை ஒப்படைத்தார்கள். சிரிக்காததோடு அமையவில்லை, இரங்கியதோடும் அமையவில்லை. பணி கொடுத்தார்கள். உடன் வைத்துக்கொள்வதே மருந்து.

இவ்வளவு கூறியவன் தன் குற்றத்தைக் கூறாதிருத்தல் முறையன்று. இருபது ஆண்டுக்கு மேலாகிறது. நான் ஓதிக்கொடுத்த ஒரு மத்ரஸாவில் திக்கு வாயுடைய மாணவன் ஒருவன் இருந்தான்; பதினான்கு வயது இருக்கும். ‘அல்-அய்யாமி’ன் அந்த உணவு மேசைப் பக்கத்தை வாசிக்கும் முறை அவனுக்கு வந்தது. முதற் சொல்லிலேயே நா தடைப்பட்டது. பின்வரிசையில் ஒருவன் அவனைப் போலவே திக்கிக் காட்டினான். வகுப்பு சிரித்தது. நான் அதட்டினேன், ஆனால் அதட்டுவதற்கு முன் என் உதட்டிலும் ஒரு புன்னகை வந்து போயிற்று. அவன் அதைக் கண்டான். நான் கண்டது அவன் கண்டதை. உடன்பிறந்தார் சிரித்த கதையைத்தான் அப்போது வாசித்துக்கொண்டிருந்தோம் என்பது எங்கள் எவர்க்கும் உறைக்கவில்லை. அவனுக்கு மட்டுமே உறைத்திருக்கும். அதன்பின் அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை. பெருநாள் விடுமுறைக்குச் சென்றவன் திரும்பவும் இல்லை. ஆள் அனுப்பி விசாரிக்கவும் நான் முயலவில்லை. மாணவரின் சிரிப்பு அவனை வருத்தியிருக்கும். ஆசிரியனின் புன்னகையோ அச்சிரிப்புக்கு முத்திரை இட்டுவிட்டது.

ஆகவே, இந்நூலைக் கற்பிக்கும் இளைய ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். அமைச்சர் பதவியைச் சொல்லித் தொடங்காதீர்கள். உணவு மேசையைச் சொல்லித் தொடங்குங்கள். சிரித்தவர்கள் தீயவர்களா என்று கேளுங்கள். அல்லர் என்று மாணவரே சொல்வர். பின் ஏன் இருபதாண்டு என்று கேளுங்கள். அந்த அமைதியில் ஒவ்வொருவனும் தான் சிரித்த முகத்தையோ, தன்னைப் பார்த்துச் சிரித்த முகத்தையோ நினைவுகூர்வான். வினைச்சொற்களைப் பிறகு கற்பிக்கலாம்.

முதற்பாகத்தின் இறுதி அத்தியாயம் தம் மகளை நோக்கிப் பேசுவதாக அமைந்திருக்கிறது. அவளுக்கு வயது ஒன்பது. கண்ணிழந்த ஈடிபஸ் மன்னனை அவன் மகள் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் கதையைக் கேட்டு, அக்குழந்தை தந்தையின் முகத்தைப் பார்த்து அழுத செய்தியை அவர் சொல்கிறார். தம் இளமையை அவளிடம் சொல்ல அவர் தயங்குகிறார். ஏன் தெரியுமா? கேட்டால் அவள் சிரித்துவிடுவாளோ என்று அஞ்சுகிறார். அவர் அப்போது பல்கலைக்கழகப் பேராசிரியர், நாடறிந்த எழுத்தாளர். எதிரே இருப்பதோ, தம்மை உயிராய் நேசிக்கும் ஒன்பது வயது மகள். அவளுடைய சிரிப்புக்கும் அவருக்கு அச்சம்! வெற்றி வரலாறு என்று நாம் காட்டும் நூல் இந்த அச்சத்தோடுதான் முடியும் தறுவாய்க்கு வருகிறது. வேலி அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறது.